கையில் இருந்த ராணி

என் மகளுக்கு அந்த வருஷம் ஜோடி இல்லாமல் போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நான் இதை வாய்தவறிச் சொல்லிவிட, தாப்பாவில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று கங்காணி ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்கு இல்லை, செஸ் ஆட்டத்துக்கு என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மகள் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்த ஒரு சீனப் பெண்ணோடு சேர்ந்துதான் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கோலாலம்பூருக்கு மாறிப் போய்விட்டாள். அவர்கள் ஆடியது சாதாரண செஸ் இல்லை. பக்ஹவுஸ் என்பார்கள். நாங்கள் வீட்டில் ஜோடி செஸ் என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டு பலகை, நாலு பேர். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. ஒருவர் வெள்ளை, மற்றவர் கறுப்பு. வெள்ளை ஆடுகிற நான் எதிராளியின் கறுப்புக் குதிரையை வெட்டினால், அதை எடுத்து என் ஜோடியிடம் கொடுப்பேன். கறுப்பு ஆடுகிற அவள் தன் முறை வரும்போது அந்தக் குதிரையைத் தன் பலகையில் காலியாக இருக்கும் கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் வெட்டும் வெள்ளைக் காய் எனக்கு வரும். கடிகாரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். யோசித்து உட்கார நேரம் கிடையாது. இருவரில் ஒருத்தர் தோற்றாலும் கட்சியே தோற்ற மாதிரி. வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டும் என்பதும் இல்லை. குதிரை வேணும், ராணியை விட்டுடாதே, கொஞ்சம் பொறு என்று மண்டபம் முழுக்க மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ சண்டை நடக்கிறது என்று தோன்றும்.

"நீங்களே வாங்களேன்ப்பா" என்றாள் மகள்.

செஸ் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்ததுதான். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது வீட்டில் கூட ஆட ஆளில்லாமல் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். காய்கள் நகரும் விதத்தை நான் தெரிந்துகொண்டதுமே என்னைத் தோற்கடிப்பது அவளுக்குச் சலித்துப் போயிற்று. ஆனாலும் நான் விடவில்லை. போனில் யார் யாரோடோ ஆடிக்கொண்டிருப்பேன். கெட்டிக்காரன் இல்லை, ஆனால் வேகமாக ஆடுவேன். அதனால்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அப்போது ஒரு விஷயத்தை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறவன். தேயிலை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று, மெஷினைச் செடிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மேட்டில் ஏறிப் போக வேண்டும். அந்தப் பக்கம் பிடிப்பவர் ஒரு நேப்பாளக்காரர். இந்தப் பக்கம் நான். அந்த மெஷினின் நடுக்கத்தை வருஷக்கணக்காகப் பிடித்ததில் என் விரல்கள் கெட்டுப்போயிருந்தன. காலைக் குளிரில் நுனி விரல்கள் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துவிடும். அப்புறம் மரத்துப் போகும். இடது கைதான் மோசம். சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு டி-சட்டைக்கு மாறினேன். வெளியில் சொன்னால் மெஷினிலிருந்து இறக்கி ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்க விட்டுவிடுவார்கள். அப்படிப் போனவர்களைப் பற்றி, நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

வேலை விட்டு வந்து சாயங்காலத்தில் மகளோடு பழகிப் பார்த்தேன். காயைத் தூக்கும்போது இரண்டு காய் சாயும்.

"மெதுவாப்பா" என்பாள்.

"குளிரும்மா."

"இந்தக் குளிர்லதானே பொறந்து வளர்ந்தீங்க" என்று சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

முதல் போட்டி ரிங்லெட்டில். நான் காய்களைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு, அதை நிமிர்த்தி வைப்பதிலேயே என் நேரமெல்லாம் போயிற்று. சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம். மகள் கடிந்துகொள்ளவில்லை. "முதல் தடவதானே" என்றாள். எங்களுக்குப் பின்னால் நின்ற யாரோ, அங்கிளுக்கு காய் பெரிசா வேணும்போல என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது போட்டி பிரிஞ்சாங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. மண்டபத்தில் சிமெண்டுத் தரை. கால் வழியாகவே குளிர் ஏறியது. மனைவி இரவுச் சந்தையில் வாங்கி வைத்திருந்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதன் பை ஆழமாக இருக்கும். ஆடாத கையை அதற்குள் விட்டுச் சூடுபடுத்திக்கொள்ளலாம். வலது கையால் ஆடுவது, இடது கையைப் பையில் வைப்பது என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

அன்றைக்கு நன்றாக ஆடினோம். முதல் சுற்றுகள் எல்லாம் ஜெயம். மகள் பரபரவென்று இருந்தாள். "அப்பா, இன்னிக்கு நீங்க வேற ஆளு" என்றாள். அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

அடுத்த சுற்றில் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். டவுனுக்குப் போனால் அவர் கடையில் டீ குடிக்காமல் நான் வந்ததில்லை. அவருக்கு ஜோடி, பேங்க்கில் வேலை செய்யும் ஒரு தமிழ் இளைஞன். பாய் என் மகளுக்கு எதிரில். பேங்க் இளைஞன் எனக்கு எதிரில்.

"அண்ணே, கையில கெடச்சா விடமாட்டேன், கடையில வந்து கோவிச்சுக்காதீங்க" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

ஆட்டம் சூடு பிடித்தது. அந்த இளைஞன் என் ராஜாவைச் சுற்றிக் காய்களை இறக்கிக்கொண்டே இருந்தான். நான் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் மகள், "வந்துருச்சுப்பா, இந்தாங்க" என்று என்னவோ சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் ம் ம் என்பேன். குளிர் தாங்காமல் இடது கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மாறியது. "அப்பா, ராணிய வைங்க. எதுக்கு வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

நான் மேசையில் என் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டு சிப்பாய் மட்டும் கிடந்தன.

"ராணியா? நீ குடுக்கலியேம்மா."

"குடுத்தேன்ப்பா."

"இல்லம்மா, எங்கிட்ட இல்ல."

எதிரே இருந்தவன் தமிழ்க்காரன். நான் சொன்னதைக் கேட்டான். என்னிடம் ராணி இல்லை என்று நம்பி, தன் ராஜாவுக்குக் காவலாக நின்ற குதிரையை எடுத்து என்மேல் பாய்ச்சினான்.

"உங்க கைலதான் வச்சேன்" என்றாள் மகள்.

பார், வெறும் கைதானே என்று காட்டத்தான் இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். விரித்தேன். உள்ளங்கையில் வெள்ளை ராணி இருந்தது.

அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, எழுந்து நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. கண்ணுக்குப் பட்டது அவன் ராஜாவின் பக்கத்தில் இருந்த காலிக் கட்டம் மட்டும்தான். ராணியை அங்கே வைத்தேன். கடிகாரத்தை அழுத்தினேன். அவன் ராஜா போக இடமில்லை.

அந்த இளைஞன் எழுந்து நின்றான். "இது என்னண்ணே? இல்லன்னு சொல்லிட்டு பாக்கெட்லேர்ந்து எடுக்கிறீங்க?"

வெட்டின காயை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைக்க வேண்டும். அதுதான் சட்டம். கையில் மறைத்து வைப்பது தப்பு. மறைத்துவைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதை என்னவென்று சொல்வது. பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவராக இருந்த மலாய் ஆசிரியர் வந்தார். இளைஞன் நடந்ததைச் சொன்னான். அவன் ஒரு வார்த்தைகூட மிகையாகச் சொல்லவில்லை. அவன் சொன்ன எல்லாமே நடந்ததுதான்.

நடுவர் என்னைப் பார்த்து, "பாக்சிக், கெனாப்பா சொரோக்?" என்று கேட்டார். ஏன் மறைத்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

என் கையில் இருந்தது எனக்குத் தெரியாது என்று மலாயில் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது. பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கினார்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. தன் பலகையில் சாய்ந்துகிடந்த ஒரு சிப்பாயை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் மகள் எழுந்தாள். "மாஃப், என்சே" என்று நடுவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்பாவுக்கு இந்த ஆட்டம் புதுசு, சட்டம் தெரியாமல் செய்துவிட்டார் என்றாள். அப்புறம் பாய் பக்கம் திரும்பி, "மன்னிச்சுருங்க மாமா" என்றாள்.

அதுவரைக்கும் எனக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. அவளும் நம்பிவிட்டாள். என் அப்பா காயை ஒளித்துவைத்தார் என்று அவளே நினைக்கிறாள். நினைத்துக்கொண்டே என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

ஆட்டம் அவர்களுக்குப் போயிற்று. போட்டியில் தொடரலாம் என்று நடுவர் சொன்னார். நான் போகலாம்மா என்றேன். "இப்பப் போனா அது உண்மைன்னு ஆயிரும்ப்பா, ஒக்காருங்க" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த சுற்று தொடங்குவதற்கு முன் நடுவர் மைக்கில் சட்டத்தைப் படித்தார். காய்கள் மேசைமேல் இருக்க வேண்டும், ஆடாத கையும் மேசைமேல் இருக்க வேண்டும். யார் பேரையும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் பாதிப் பேர் என்னைத்தான் பார்த்தார்கள். எங்களுக்கு எதிரே வந்தவர்கள் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனத் தம்பதி. அந்த அம்மா உட்கார்ந்ததும் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். நான் இரண்டு கையையும் மேசைமேல் பரப்பி வைத்தேன், நகம் பார்க்க வரும் வாத்தியாருக்கு எதிரே பிள்ளைகள் வைப்பது மாதிரி. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பார்த்தது கைக்குள் என்ன இருக்கிறது என்றுதான். அந்த ஆட்டமும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று.

திரும்பும்போது மகள்தான் கார் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் கோலாலம்பூர்க் கார்களுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"எதுக்குப்பா அப்படிச் செஞ்சீங்க?"

"நான் செய்யலம்மா. கையில இருந்தது நெஜமாவே தெரியல."

"சரிப்பா. விடுங்க லா, பரவால்ல."

அந்தப் பரவாயில்லையை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் விரல்களைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் சொன்னால், மாட்டிக்கொண்டவன் நோவைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் ஆகும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டவுனில் நடந்தது எஸ்டேட்டுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. பெரட்டுக்களத்தில் ஒருவர், "அண்ணே, கையக் காட்டுங்க பாப்போம்" என்றார். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைக் காட்டிவிட்டு நானும் சிரித்தேன். பாய் கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். சாமான் எல்லாம் ரிங்லெட்டிலேயே வாங்கிக்கொண்டேன். அடுத்த போட்டி பற்றிச் சுவரொட்டி வந்திருந்தது. மகள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மனைவி ஒருநாள் சோறு போடும்போது, "என்னங்க, அவ நெஜமாவே வேல இருக்குன்னுதான் போகல" என்று கேட்காமலே சொன்னாள். அப்போதுதான் அவர்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் காலையில், செங்குத்தான ஒரு மேட்டில் மெஷினோடு ஏறிக்கொண்டிருந்தோம். என் பக்கத்துப் பிடி கையை விட்டு நழுவியது. நழுவியது எனக்குத் தெரியவில்லை. மெஷின் சாய்ந்து கத்தி என் முழங்கால் பக்கமாக வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் இருந்த நேப்பாளக்காரர் சட்டென்று இன்ஜினை நிறுத்தி, மெஷினை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு செடிக்குள் விழுந்தார். கால்சட்டை கிழிந்ததோடு நான் தப்பினேன்.

எழுந்து வந்தவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அபாங், தங்கான் தீடூர் லாகி" என்றார். அண்ணே, கை மறுபடியும் தூங்கிவிட்டது என்கிறார். மறுபடியும் என்றால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் கங்காணி மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். நேப்பாளக்காரர் தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். வெளுப்பது, மரத்துப்போவது, பிடி நழுவும்போதெல்லாம் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வது, எல்லாம். வாய்ப்பேச்சு அதிகம் இல்லாத மனிதர். என் பாரத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார். நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

"இதையெல்லாம் சொல்லக்கூடாதாய்யா?" என்றார் கங்காணி. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மகள்தான் லீவு போட்டு அழைத்துப் போனாள். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். விரல்களை அழுத்திப் பார்த்தார், ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தார். அப்புறம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கையில் ஒரு பொருளை வைக்கிறேன், என்னவென்று சொல்லுங்கள் என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள். எனக்கு மலாய் தெரியும் என்றாலும் அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடினேன். வலது கையில் வைத்ததைப் பேனா என்றேன். இடது கையை நீட்டினேன். காத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒன்றும் பேசவில்லை.

"வைக்கச் சொல்லும்மா" என்றேன்.

மகள் பதில் சொல்லவில்லை.

"இன்னும் வைக்கலியேம்மா."

கண்ணைத் திறந்தேன். என் உள்ளங்கையில் ஒரு சாவி இருந்தது. விரல்கள் அதை மூடிக்கூட இருந்தன. மகள் சாவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மை தெரிந்துவிட்டது, இனி நிம்மதி என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பொய்யன் இல்லை என்று காட்டுவதற்காகக் கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை என் மகள் பார்த்தாள் என்பதுதான் பெரிதாக இருந்தது. அவள் மருந்து வாங்கி வருகிறேன் என்று போனவள் நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்ப்பா சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது."

"நான் எல்லாரு முன்னாடியும் மன்னிப்பு கேட்டேனே. நீங்க செஞ்சீங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்றாள். அழவில்லை. அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. என் அம்மாவுக்கும் எனக்கும் வெட்கம் வந்தால் அப்படித்தான் சிவக்கும்.

மெஷின் வேலை முடிந்தது. கன்றுப் பண்ணையில் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போட்டார்கள். கையைச் சூடாக வைத்திருக்க வேண்டும், சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நேப்பாளக்காரருக்கு வேறு ஆள் ஜோடி வந்தார். ஒருநாள் நானும் மனைவியும் கோழிக் கறியோடு அவர் தங்கும் இடத்துக்குப் போனோம். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அவரே தட்டை எடுத்துப் போட்டு என்னையும் சாப்பிடச் சொன்னார்.

மகள் எனக்குத் தெரியாமல் பாய் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் கையை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் அசையவில்லை. "பாய் உங்கள வரச் சொன்னாரு" என்றாள்.

போனேன். மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். டீ வந்தது. நான் வழக்கம்போல இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்தேன்.

"நீங்க ரெண்டு கையால கிளாஸ் புடிக்கிறத நான் ரொம்ப நாளா பாத்திருக்கேன் அண்ணே" என்றார். "ஒருதடவ கிளாஸ் சாஞ்சு டீ விரல்மேல கொட்டுச்சு. நீங்க கைய எடுக்கவே இல்ல. அப்பவே நெனச்சேன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு அந்த நேரத்துல அது என் ஞாபகத்துக்கு வந்துச்சாண்ணே, வரலியா, எனக்கே தெரியல. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. ஜெயிக்கிற மும்முரத்துல இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒங்க மக எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு பாருங்க, அது என்னைத் தூங்க விடல" என்றார்.

பரவாயில்லை பாய் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் காரில் மகள் சொன்ன பரவாயில்லை ஞாபகம் வந்து, டீயைக் குடிக்கத் தொடங்கினேன். பேங்க் இளைஞனிடமும் சொல்லிவிட்டதாகப் பாய் சொன்னார். அவன் ஒருநாள் என்னைத் தெருவில் பார்த்து நின்று, "சாரிண்ணே" என்றான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதையும் அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

அதற்கப்புறம் மகள் என்னைக் கேட்காமலே ரிங்லெட் போட்டிக்கு எங்கள் பேரைக் கொடுத்துவிட்டாள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கையுறை, சூடு பண்ணும் பொட்டலம் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். போனோம். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் எதிராளிகளிடம், அப்பாவுக்குக் கை மரத்துப் போகும், காய் விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னாள். அவர்களும் ஐயோ என்று என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள் அன்றைக்கு, இன்றைக்கு நோயாளியைப் பார்க்கிற மாதிரி. இரண்டிலும் தலை தானாகக் குனிந்தது.

"சொல்லாதம்மா" என்றேன்.

"சொல்லாட்டி பழையபடி ஆயிருமேப்பா."

"ஆனா ஆகட்டும். காய என் கைல குடுக்காத, மேசமேல வை. அது போதும்."

அடுத்த சுற்றில் அவள் சொல்லவில்லை. காய்களை என் முன்னால் மேசையில் டக் டக் என்று வைத்தாள். எதிரே மலாய்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும். நான் ஒரு தடவை காய்களைத் தட்டிவிட்டேன். நிமிர்த்தி வைத்து ஆடினேன். நேரம் போயிற்று, போகட்டும் என்று ஆடினேன். ஜெயிக்கிற நிலைமைக்குக்கூட வந்தோம். அப்புறம் அந்த மலாய்க்காரர் ஒரு சிப்பாயை ஆசைகாட்டி வைத்தார். நான் அதை வெட்டப் போய், குதிரையை விட்டேன். என் குதிரையை அவர் தன் மனைவியிடம் கொடுக்க, அந்த அம்மா அதை என் மகளின் ராஜாவுக்கு எதிரே இறக்கினார். முடிந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் மீகோரேங் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் இரண்டு வாய் சாப்பிட்டாள். முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குதிரைய எதுக்குப்பா விட்டீங்க? என் ராஜா தெறந்து கெடக்குன்னு கத்திக்கிட்டே இருந்தேன். குதிரை மட்டும் போகக்கூடாது, குதிரை மட்டும் போகக்கூடாதுன்னு. காது கேக்கலியா?"

"கேட்டுச்சும்மா."

"கேட்டும் ஒரு சிப்பாய்க்கு ஆசப்பட்டீங்களா?"

"ஆமா."

"நல்லா ஆடிக்கிட்டு இருந்தோம்ப்பா."

அவளுக்கு நிஜமாகவே கோபம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் குதிரையை விட்டது நான்தான். கை விடவில்லை, நான் விட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மீகோரேங்கைச் சாப்பிட்டேன். அவள் நாப்கின் தாளில் கட்டம் போட்டு, நான் எங்கே எதை ஆடியிருக்க வேண்டும் என்று வரைந்து காட்டத் தொடங்கினாள். அடுத்த சுற்றுக்கு மணி அடிக்கும்வரை விடவில்லை.